உயிரோடு இருந்தவருக்கு வைத்த பூசை

எங்கள் தெருவில் பக்தி என்றால் ஜெனவியேவ் அம்மாள்தான். மற்றவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முட்டி போட்டுக்கொண்டே வீட்டுக் கறிக்குழம்பை நினைக்கிறவர்கள். அந்த அம்மாளோ விடியற்காலை மணி அடிக்கும் முன்பே கறுப்புச் சேலையில் முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். கன்னியர் மடத்துக்குப் பூவேலை தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். பிள்ளை குட்டி இல்லை. புருஷன் பெர்னார் சைகோனில் ஒரு சந்தையில் காவல் வேலை பார்த்தவர். உலகச் சண்டைக் காலத்தில் கடிதம் நின்றது. சண்டை முடிந்து கப்பலில் வந்த ஒருவர், துறைமுகத்தில் குண்டு விழுந்த அன்றைக்குப் பெர்னார் அங்கேதான் நின்றார், அப்புறம் ஆளைக் கண்டவர்கள் இல்லை என்று சொன்னார். அன்றைக்குக் கட்டிய கறுப்பு அது.

வருஷா வருஷம் அவருக்கு ஆத்துமப் பூசை வைப்பாள். உடல் கிடைக்காதவர்களுக்கான பூசையில் கோயில் நடுவே தும்பா வைப்பார்கள். சவப்பெட்டி மாதிரி ஒரு காலி மரக்கூடு, மேலே கறுப்புத் துணி, சுற்றிலும் மெழுகுவர்த்தி. அந்தக் காலிக் கூட்டைப் பார்த்து அவள் அழுகிற அழுகையில் நாங்களும் மூக்கைச் சிந்துவோம். பிறகு அவள் வீட்டில் காப்பியும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டு பெர்னாரின் நல்ல குணங்களைப் பேசுவோம். ஊரில் இருந்த காலத்தில் அவருக்கு அத்தனை நல்ல குணங்கள் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மாதா சபைக்கு அவள்தான் தலைவி. துக்கம் என்று யார் போனாலும் ஒரே மருந்துதான் கொடுப்பாள். "எல்லாம் ஆண்டவர் சித்தம். என்னப் பாரு, நான் தாங்கல?" அந்த 'என்னப் பாரு' எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எதிர்வீட்டு ஏலேனின் புருஷனும் சைகோனில்தான் இருந்தான். அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டதாக அவனே எழுதிப் போட்டுவிட்டான். ஆகஸ்ட் பதினைந்து மாதா சுற்றுப்பிரகார ஊர்வலத்துக்குப் பெண்கள் சபையின் நீல ரிப்பனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வரிசை கட்டியபோது, ஜெனவியேவ் அம்மாள் அத்தனை பேர் முன்னாலும் ஏலேனின் கழுத்திலிருந்து ரிப்பனைக் கழற்றினாள். "புருஷன வச்சுக்கத் தெரியாதவளுக்கு மாதா ரிப்பன் எதுக்கு? பின்னால நட." ஏலேன் பின்னால் நடந்தாள். நாங்கள் பாட்டெடுத்துக்கொண்டு முன்னால் நடந்தோம்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம், பூசை நெருங்கிய வாரத்தில், ஜெனவியேவ் அம்மாள் மீன் சொல்லி வைக்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். அந்த வருஷம் காப்பியோடு நிறுத்தாமல் சாப்பாடே போடுவதாக இருந்தாள். நான் இரண்டு கடை தள்ளிக் கருவாடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீன்காரி தனக்கொடி முகமெல்லாம் பல்லாகக் கேட்டாள். "இன்னாம்மா, ஊட்டுக்காரரு வந்திருக்காரு, ஒரு வார்த்த சொல்லல நீ? நேத்து எங்கிட்டதான் வஞ்சிரம் வாங்கிட்டுப் போனாரு."

"யாரு ஊட்டுக்காரரு?"

"ஒங்க ஊட்டுக்காரருதாம்மா. பெர்னாரு."

"வாயக் கழுவுடி. செத்துப்போனவர வச்சா வெளாடுற?"

"தோ நிக்கிறாரே" என்று தனக்கொடி மோவாயால் காட்டினாள்.

நண்டுக் கூடைக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். கொஞ்சம் பருத்து, நரைத்து, வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு. பக்கத்தில் கால்சட்டையும் நீண்ட அங்கியுமாக ஒரு மெலிந்த சைகோன்காரி. திரும்பியவர் யாரோ அம்மாள் நிற்கிறாள் என்று நினைத்து, பழைய பழக்கத்தில் தொப்பியைக் கழற்றி, "போன்ழூர் மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். அப்புறம்தான் அடையாளம் தெரிந்தது. அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கறுப்புச் சேலையைப் பார்த்ததும் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"அடடா. யாரு தவறிட்டாங்க, ஜெனவியேவ்?"

அவர் கிண்டல் பண்ணவில்லை. கடிதம் எழுதுவதை நிறுத்தினவர் அவர்தான். தான் செத்துப்போனதாக ஊரில் சேதி வந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

தனக்கொடியால் அடக்க முடியவில்லை. "நீதான்யா!" என்றாள்.

மீன் கடை வரிசை முழுக்கச் சிரித்தது. கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஜெனவியேவ் அம்மாள் வீட்டுக்கு நடந்தாள். முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள்.

சாமியாருக்கு எந்தச் சேதியும் கடைசியில்தான் போகும். ஞாயிற்றுக்கிழமையே அறிவித்தாயிற்று என்பதால், பூசை அன்று தும்பாவை வைத்து மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டார்கள். மற்ற வருஷங்களில் பாதிக் கோயில்தான் நிரம்பும். அன்றைக்கு நிற்க இடமில்லை. வரவேண்டியவள் மட்டும் வரவில்லை. பெர்னாருக்கு, ஆண்டவர் கல்லறையிலிருந்து எழுப்பிய லாசரின் பெயரை வைத்தார்கள். உப்பளம் என்கிற பேட்டையில் அந்தச் சைகோன்காரி லானோடு வீடெடுத்து, சாயந்தரம் கடற்கரையில் காற்று வாங்க நடந்து போன லாசர்.

ஜெனவியேவ் அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். பல மாதம் கோயிலுக்குப் போகவில்லை. மடத்து வேலையை ஒரு வேலைக்காரி வந்து வாங்கிப் போனாள். ஆறுதல் சொல்லப் போன சபைப் பெண்களுக்குத் திறக்கவில்லை. அவர்களும் ஆறுதல் சொல்லவா போனார்கள்?

ஏலேன் போனபோது மட்டும் கதவு திறந்தது. ஏலேனே எனக்குச் சொன்னதைத்தான் இனி சொல்கிறேன். கையில் ஒரு பழைய பச்சைப் புடவையோடு போனாளாம்.

"ஒங்களப் பாத்து சிரிக்கலாம்னுதான் வந்தேன்" என்றாளாம் நேராக. "ரெண்டு மாசமா நெனச்சுகிட்டிருந்தேன். இப்ப சிரிப்பு வரல. புருஷன் உசுரோட இருக்கறப்ப கறுப்பு கட்டக் கூடாது. இதக் கட்டிக்கோங்க."

ஜெனவியேவ் அம்மாளிடம் கறுப்பைத் தவிர வேறு புடவை இல்லை. கலர்ப் புடவை கட்டினால் கொண்டாடுகிற மாதிரி இருக்கும், கறுப்பு கட்டினால் தெருவே சிரிக்கும். எதைக் கட்டிக்கொண்டு வெளியே வருவது என்று தெரியாமல்தான் பாதி நாள் உள்ளே கிடந்தாளாம். புடவையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஒன் ரிப்பன நான் கழட்டினேனே" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாளாம்.

அதற்குப் பிறகு கோயிலுக்கு வந்தாள். பச்சைப் புடவையில், கடைசி வரிசையில், ஏலேனுக்குப் பக்கத்தில். தலைவி பதவியை விட்டுவிட்டாள். எல்லாரும் சேர்ந்து செபம் சொல்லும்போது, பிறர் செய்த தீமையைப் பொறுத்தோம் என்கிற இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வாள். கோயிலில் நின்று பொய் சொல்லக் கூடாதே என்பாள். இதைக் கேட்டு எனக்கு அவள் மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது. துக்கத்தோடு போகிறவர்களிடம் 'என்னப் பாரு' என்பதும் நின்றுபோயிற்று. சேர்ந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுப்பாள், அவ்வளவுதான். அப்போதுதான் நிறையப் பேர் அவளைத் தேடிப் போனார்கள்.

அறுபத்தோராம் வருஷத் தவக்காலத்தில் பெர்னார் படுத்துவிட்டார். ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, இனி எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் கைவிட்டார். சாமியார் ஜெனவியேவ் அம்மாளின் வீட்டுக்கே வந்தார். ஏலேனும் அங்கே இருந்தாள்.

"பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னு அழுவுறான்மா. அந்தப் பொம்பளையோட ஒரே வூட்ல கெடக்கற வரைக்கும் சாகப்போறவனுக்குப் பூசற அவஸ்தை எண்ணெய நான் பூச முடியாது. சட்டம் அப்படி. நீ இங்க சேத்துகிட்டா முடியும்."

ஜெனவியேவ் அம்மாள் எழுந்து நின்றாளாம். "சாமி, நான் ஒம்போது வருஷம் அவரு ஆத்துமாவுக்காக வேண்டிகிட்டேன். அவரு வந்ததுலேந்து அவரு சாவுக்காக வேண்டிகிட்டேன். நெஜமாவே செத்துட்டா என் வெக்கம் தீந்துடும்னு. தெனம் கோயில்ல ஒக்காந்து இதத்தான் கேட்டேன். என்கிட்டயா கொண்டாந்து விடுறீங்க அவர?"

சாமியார் எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் தானே தெருமுனைக்குப் போய் ரிக்‌ஷா பிடித்தாள். உப்பளத்திலிருந்து அவரை மடியில் சாய்த்துக்கொண்டு, பட்டப்பகலில், தெரு முழுக்க வாசலில் நின்று பார்க்க அழைத்து வந்தாள். முகம் சிவந்திருந்தது. தலையை மட்டும் குனியவில்லை.

"அன்பு பொங்கிடுச்சுன்னு நெனைக்காத" என்றாளாம் ஏலேனிடம். "அவரப் பாத்தா இன்னும் பத்திகிட்டுதான் வருது. ஆனா மோட்சத்துக்குப் போற வழிய அடைச்சுகிட்டு நிக்க நான் யாரு?"

அவஸ்தை பூசியாயிற்று. ஆனால் அவள் காய்ச்சிக் கொடுத்த கஞ்சி ஒன்றும் அவருக்கு இறங்கவில்லை. துப்பிவிட்டார். தாலி கட்டியவருக்கு என்ன பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் லான் ஒரு கிண்ணத்தோடு வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரக்கூடாது என்று சாமியார் சொல்லியிருந்தார். மீனும் இஞ்சியும் போட்டு அவள் ஊர்ப் பக்குவத்தில் வைத்த கஞ்சி. ஜெனவியேவ் அம்மாள் வாங்கிக்கொண்டு போய் ஊட்டினாள். அவர் குடித்தார். அப்புறம் தினமும் இவள் கிண்ணத்தை அலம்பிக் கொடுப்பாள், அவள் வாங்கிக்கொண்டு போவாள். இரண்டு பேரும் பேசியதில்லை. தெரு மட்டும் ஓயாமல் பேசியது.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் பெர்னார் செத்தார். இந்தத் தடவை நிஜமாகவே.

அவ்வளவு கூட்டத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை. பெட்டியை மூடுமுன் தீர்த்தம் தெளிக்க வேண்டும், முதலில் பெண்டாட்டிதான் தெளிக்க வேண்டும். அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் மற்றப் பெண்கள் குரலெடுப்பது எங்கள் வழக்கம். ஜெனவியேவ் அம்மாள் இலைக்கொத்தைத் தீர்த்தத்தில் தோய்த்துத் தெளித்தாள். நாங்கள் காத்திருந்தோம். அவள் அழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என்ன பெண்பிள்ளை இவள், ஊருக்காகவாவது இரண்டு சொட்டு விடக்கூடாதா என்று எனக்குப் பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள்.

அவள் இலைக்கொத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். லான் எதிர்ச் சுவரோரம், வெயிலில், யாரும் பக்கத்தில் இல்லாமல் நின்றிருந்தாள். வாயைத் துணியால் பொத்திக்கொண்டிருந்தாள். சத்தம் வந்தால் துரத்திவிடுவார்கள் என்ற பயம். ஜெனவியேவ் அம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, இலைக்கொத்தைக் கொடுத்தாள்.

"அழு" என்றாள். "என் பங்க நான் முன்னாடியே அழுது முடிச்சுட்டேன். இது ஒன் மொற."

லான் வாயிலிருந்து துணியை எடுத்தாள். அவள் பாஷையில் என்னென்னவோ சொல்லிக் கதறினாள். எங்களில் ஒருவருக்கும் அது புரியவில்லை. ஜெனவியேவ் அம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தோம். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றோம்.