அடக்கப் பாட்டுக்குப் பிறகு

இசைத்தட்டைத் திருப்புவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்துக்கொள்வார். கார் ஓட்டுகிற கை, எப்போதும் எண்ணெய் வாசம் அடிக்கும். தட்டின் விளிம்பை மட்டும் பிடித்து, தூங்குகிற பிள்ளையைப் புரட்டுவது போல மெதுவாகப் புரட்டுவார். நான் ஊசியை மாற்றிச் சாவி கொடுப்பேன். வெளியே எங்கள் ஊர் பிலிமத்தலாவை மழை. கடுகண்ணாவை மலைப் பக்கமிருந்து இறங்கும் மூட்டம் ஜன்னல் வழியாக வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்ளும்.

அவர் வேலை பார்த்த பங்களாத் துரைசாணி சீமைக்குக் கப்பலேறும்போது பெரிய கிராமபோனை விற்றுவிட்டு, சாவி கொடுத்துப் பாடவைக்கிற ஒரு பழைய பாட்டுப்பெட்டியையும் யாரும் கேட்காத இந்தத் தட்டுகளையும் அவருக்குக் கொடுத்தார். இயேசுசாமி பாடுபட்ட கதையை ஒரு கூட்டமே சேர்ந்து பாடுகிறதாம். அந்தப் பாஷை இங்கிலீஷும் இல்லை. தட்டில் எழுதியிருந்ததை எங்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாது. ஒரு தட்டின் முன்பக்கம், பிறகு பின்பக்கம், பிறகு அடுத்த தட்டு. எல்லோரும் அப்படித்தானே கேட்பார்கள்?

முதல் தட்டில் பெரிய புலம்பல். திருப்பினால் தாலாட்டு மாதிரி ஒன்று. அதுதான் சாமியை அடக்கம் பண்ணும் பாட்டு என்று துரைசாணி சொல்லியிருந்தார். அடுத்த தட்டை வைத்ததும் ஓர் ஆண்குரல் அமைதியாகப் பேசுவது போலப் பாடும். அது சாமியின் குரல் என்பதும் துரைசாணி சொன்னதுதான். அதைக் கேட்டதும் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்புவார்.

“பாரு புள்ள, குழியில வச்சுட்டு ஆளுங்க வீடு திரும்பல, அதுக்குள்ள எந்திரிச்சுப் பேசுறாரு. கோயில்ல மூணு நாளுங்கிறாங்க. நம்ம வீட்டுல ஊசி மாத்துற நேரந்தான்.”

“சாமி விஷயத்துல வெளையாடாதீங்க.”

“நானா வெளையாடுறேன்? தட்டுதானே சொல்லுது!”

போன மழைக்காலத்தில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. மண் போடும்போதும் நான் அழவில்லை. “கல்லு மாதிரி நிக்கிறா பாரு” என்றார்கள். எதற்கோ காத்துக்கொண்டிருந்தேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்குத் தட்டுகளை இரவல் கேட்டுக் கோயில் சாமியார் வந்தார். நாங்கள் கேட்கிற வரிசையைச் சொன்னேன். தட்டில் இருந்த எழுத்தைப் படித்துச் சிரித்தார்.

“தப்பாப் போட்டுக் கேட்டிருக்கீங்கம்மா. தட்டையெல்லாம் மேல மேல அடுக்கி வச்சா ஒண்ணொண்ணா தானா விழுந்து பாடுமே, அந்த மெஷினுக்குச் செஞ்சது இது. எல்லாத் தட்டுலயும் முன்பக்கம் முதல்ல, அப்புறந்தான் மொத்தமாத் திருப்பிப் பின்பக்கம். அடக்கப் பாட்டுதான் கடைசி.”

“அதுக்கப்புறம், சாமி?”

“ஒண்ணுமில்ல.”

கோயில் மண்டபத்தில் அவர் சொன்ன வரிசைப்படியே நடந்தது. பாட்டில் இயேசுசாமி பேசினார், அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், கூட்டம் கத்தியது. கடைசியில் எங்கள் தாலாட்டு. அது தேய்ந்து தேய்ந்து ஊசிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. எல்லோரும் எழுந்தார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

“முடிஞ்சிருச்சும்மா. வீட்டுக்குப் போங்க.”

“இன்னும் இருக்கு சாமி. அவரு பேசணும்.”

சாமியார் பெட்டிப் பக்கம் திரும்பிப் போனார். தட்டுகளைப் புரட்டிப் பார்த்து ஒன்றை எடுத்து வைத்தார். இயேசுசாமியின் அந்தக் குரல் வந்தது. பதறாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. வாசல்வரை போனவர்கள் அப்படியே நின்றார்கள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்படியும் நிற்கவில்லை. அத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது.