சாவி இல்லைன்னு சொன்ன கார்

இன்னைக்குக் காலையில என் தங்கச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டா.

கஹவத்தை டவுனுக்கு ஏஜென்சி வேன் ஆறரைக்கு வரும். டவுன் வரைக்கும் அவளை நான்தான் வாடகைக்கு ஓட்டுற என் ஹயர் காருல கொண்டுபோய் விடுறதா இருந்துச்சு.

போன மாசம் கோபத்துல, "போனா இனி என் மூஞ்சில முழிக்காத"ன்னு அவகிட்ட சொல்லியிருந்தேன். காருல போறப்ப மன்னிப்புக் கேக்கணும்னு நினைச்சிருந்தேன்.

ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். சாவி இல்லைன்னு கார் காட்டுது. சாவி என் கையிலதான் இருக்கு. துடைச்சுப் பாத்தேன், கதவைத் திறந்து மூடிப் பாத்தேன். ஒண்ணும் ஆகல.

தங்கச்சி பையைத் தூக்கிக்கிட்டா. "பரவாயில்லண்ணே, பஸ் வருது. நான் போயிடுறேன்."

"ரெண்டு நிமிஷம் இரும்மா"ன்னேன். அதுக்குள்ள ஏறிட்டா.

டவுன்ல கார் வயரிங் பாக்குற முஸ்லிம் அண்ணன் ஒருத்தர் இருக்காரு, நானான்னுதான் கூப்பிடுவோம். அவருக்கு போன் போட்டேன். "சாவியில பெட்டரி இறங்கிருச்சு தம்பி. சாவியை அந்தப் பட்டன் மேலயே ஒட்டி வச்சு அமுக்குங்க"ன்னாரு.

உடனே ஸ்டார்ட் ஆயிருச்சு.

பஸ்ஸுக்குப் பின்னாலயே ஓட்டிக்கிட்டுப் போனேன். நான் போய்ச் சேந்தப்ப வேன் கிளம்பியிருச்சு.

மத்தியானம் ஏர்போர்ட்ல இருந்து அவளோட வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. "அண்ணே, கார் ஸ்டார்ட் ஆச்சா?"

என்னென்னமோ எழுதி எழுதி அழிச்சேன். கடைசியில "ஆச்சு"ன்னு மட்டும் அனுப்பினேன்.

பட்டன் கார் வச்சிருக்கவங்க நானா சொன்னதைத் தெரிஞ்சு வச்சுக்குங்க. மன்னிப்பை எப்படி எழுதி அனுப்புறதுன்னு தெரிஞ்சவங்க, கீழ எனக்குச் சொல்லுங்க.