இன்னும் நான்கு நிமிடம்

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான்; அவளைவிட ஆறு வயது மூத்த மேற்பார்வையாளருக்கும்கூட. இருபத்திரண்டு வருடமாக விமானங்களை ஏற்றி இறக்குகிறவள். அந்த வேலையின் உயிர்நாடி ஒன்றே ஒன்றுதான்: அவள் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாதவரை சொன்னதாகவே அர்த்தமில்லை. இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் புகுந்து கணவனைப் பாடாய்ப் படுத்தியது.

“தக்காளி அரை கிலோ, சோப்பு ரெண்டு, அப்பாவோட மாத்திரை. எங்க, திருப்பிச் சொல்லுங்க.”

“தக்காளி அரை கிலோ, சோப்பு ரெண்டு, மாமனாரோட மாத்திரை. மாடிப்படியில இறங்க அனுமதி உண்டா?”

கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஒரு நாள்கூட மாத்திரை விட்டுப்போனதில்லை.

அப்படிப்பட்டவளின் வானத்துக்கு இரண்டு வருடம் முன்னால் புதுக் குடித்தனக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். கல்யாணத்தைப் படம் பிடிக்கிற ட்ரோன், பார்சல் தூக்குகிற ட்ரோன், வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன், சும்மா இருக்க முடியாத எவனோ மொட்டைமாடியிலிருந்து விடுகிற ட்ரோன். பாதிக்குமேல் ரேடாரில் தெரியாது. தெரிந்தாலும் வாய் திறக்காது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, இனி வானம் எல்லாருக்கும் பொது என்று வண்ண வண்ணமாகப் படம் காட்டினார்.

“சார், அதுங்ககிட்ட நாங்க எப்படிப் பேசறது?” என்று கேட்டாள் அக்கா.

“அதுக்கு ஒரு ஆப் வருதும்மா.”

வருகிறது, வருகிறது, இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அதுவரைக்கும் கையில் ஒரு விதியைக் கொடுத்தார்கள். ட்ரோனைப் பார்த்ததாக யார் சொன்னாலும் வானத்தை மூட வேண்டும். கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்து முப்பது நிமிடம் எதுவும் தென்படாவிட்டால் திறக்கலாம். இந்த விதியை எழுதிய மகராசன் ஒரு நாளாவது கோபுரத்தில் உட்கார்ந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஒரு வியாழக்கிழமை பகல் பதினொன்று பத்துக்கு, தரையிறங்கிய விமானி ஒருவர் ஓடுபாதை முனையில் ட்ரோன் பார்த்ததாகச் சொன்னார். அக்கா வானத்தை மூடினாள். பதினொன்று இருபத்தெட்டுக்கு மருத்துவமனை ஹெலிகாப்டர் அழைத்தது; ரேடியோவில் அதன் பெயர் ‘மருத்துவம் மூணு’. மருத்துவமனை ஓடுபாதைக்கு அந்தப் பக்கம்தான், அது இறங்கவும் இவள் அனுமதி வேண்டும். அதன் விமானியின் குரலை அவளுக்குப் பதினோரு வருடமாகத் தெரியும், முகத்தைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் அவன் ஒரு வணக்கத்தோடுதான் ஆரம்பிப்பான். விதியில் அதற்கு இடமில்லை. அவளும் கண்டுகொண்டதில்லை.

“வணக்கம்க்கா, மருத்துவம் மூணு. மின்கம்பத்துலேர்ந்து விழுந்த லைன்மேன், தலையில அடி. டாக்டர், நர்ஸோட அவர் மனைவியும் கூட இருக்காங்க. இறங்கணும்.”

பக்கத்து நகர மருத்துவமனைக்குத் திருப்பினால் இருபத்தைந்து நிமிடம் பறக்க வேண்டும். வானம் திறக்கப் பன்னிரண்டு நிமிடம்தான். அக்கா கணக்குப் போட்டாள்.

“மருத்துவம் மூணு, ட்ரோனால வானம் மூடியிருக்கு. அங்கயே சுத்துங்க, பன்னிரண்டு நிமிஷம்.”

“அங்கயே சுத்தறேன், பன்னிரண்டு நிமிஷம்.”

இன்னும் நான்கு நிமிடம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. வேலியோரக் காவலாளி பேசினார். கிடங்குக்கு மேலே சிவப்பு விளக்கோடு ஒன்று நிற்கிறதாம். விதிப்படி மறுபடியும் முதலிலிருந்து முப்பது நிமிடம்.

அவள் மேற்பார்வையாளரைப் பார்த்தாள். “சார், உயிர் போற விஷயம். இறக்கிடட்டுமா?”

“அது விசிறியில மாட்டிச்சுன்னா உள்ள இருக்கற அஞ்சு பேரும் போயிடுவாங்கக்கா. எப்படி விடறது?”

கெட்ட மனுஷர் இல்லை. சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“அக்கா, என் பொறுப்புல இறங்கறேனே,” என்றான் விமானி. அவனுக்குப் பின்னால் ஒரு பெண் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

“முடியாதுப்பா. பக்கத்து நகரத்துக்குத் திரும்புங்க.”

 “பக்கத்து நகரத்துக்குத் திரும்பறேன்.”

பன்னிரண்டு மணிக்குப் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் வேர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்தார். காவலாளி பார்த்தது அவர்களுடைய ட்ரோனாம். முதல் ட்ரோனைத் தேட அவர்களே விட்டது. கோபுரத்துக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “தேடத்தானேங்க விட்டோம்?” என்றார். அந்த முதல் ட்ரோன் கடைசிவரை அகப்படவே இல்லை.

விசாரணை அன்று மாலையே முடிந்தது. அக்கா விதிப்படி நடந்துகொண்டதாக எழுதிக் கொடுத்தார்கள். யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். நோயாளி என்ன ஆனான் என்று கோபுரத்துக்கு யாரும் சொல்வதில்லை; அது வழக்கமும் இல்லை. மருத்துவமனைக்குப் போன் செய்ய இரண்டு முறை எடுத்தாள், இரண்டு முறையும் வைத்துவிட்டாள். பயம்தான், வேறென்ன.

வீட்டில் கணவன் கிண்டல் செய்யவில்லை. “நீ என்ன பண்ணியிருக்க முடியும்?”

“வந்தவுடனே திருப்பி அனுப்பியிருக்கலாம். எட்டு நிமிஷம் சும்மா சுத்த விட்டேன்.”



சனிக்கிழமை காலை அதே குரல் வந்தது.

“மருத்துவம் மூணு. இறங்க அனுமதி வேணும்.”

அவ்வளவுதான். பதினோரு வருடமாக முன்னால் வந்த அந்த ஒரு வார்த்தை இல்லை.

“மருத்துவம் மூணு, இறங்கலாம். காத்து மேற்கேர்ந்து.”

“இறங்கறேன். காத்து மேற்கேர்ந்து.” ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அக்கா பொத்தானை மறுபடி அழுத்தினாள். “வணக்கம் தம்பி,” என்றாள்.

அதை மட்டும் அவன் திருப்பிச் சொல்லவில்லை.