அன்று தீட்டாயிருந்தவள் நான்

அன்று மாரியம்மன் வாசலில் தீட்டோடு நின்றவள் நல்லம்மா அல்ல... நான்தான்.

தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி நின்றதற்காக நான் இதுவரை வருந்தியதில்லை. இனியும் வருந்தப் போவதில்லை. என் குற்றம் வேறு.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலைக்குச் சாலை கிடையாது. மலையில் திருப்புலி நாடு என்கிற பகுதியில் எங்கள் ஊருக்கு வெளியே ஒரு குடிசை உண்டு. மாதந்தோறும் தூரமான பெண்கள் அதில்தான் கிடக்க வேண்டும். கூரை ஒழுகும், குளிர் எலும்பைத் தொடும். சாமை அறுத்து அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற நாளன்று விடியலில் எனக்கு வந்துவிட்டது. அத்தனை நாளும் குனிந்து களை பறித்தவள் நான். பொங்கலன்று மட்டும் நான் ஆகாதவளா? சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

முதல் நாள் பெய்த மழையில் விறகெல்லாம் ஈரம். அடுப்புகளின் புகை நேரே கோயில் வாசலில் நிற்கிற பெரிய மரத்தின் உச்சிக்கு ஏறிற்று. அங்கே பெரிய தேன்கூடு தொங்குவது ஊருக்கே தெரியும். தேனீக்கள் கலைந்து இறங்கின. பானைகள் உருண்டன, பிள்ளைகள் அலறின. புகை போட்டால் தேனீ கலையும் என்பது மலையில் தேன் எடுக்கிற ஆண்களுக்குத் தெரியாததா? ஆனால் முகம் வீங்கிய ஊர்க்கவுண்டர் விறகைப் பற்றிப் பேசவில்லை.

"எவளோ தீட்டோட வந்திருக்கறா. ஆருன்னு சொல்லீருங்க."

நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை என் கொழுந்தனின் மனைவி நல்லம்மா தூரமானாள். ஒளிக்கத் தெரியாதவள், நேராகக் குடிசைக்குப் போனாள். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. காலையிலேயே வந்ததை மறைத்துவிட்டாள் என்று தீர்மானித்தார்கள். தாய்வீட்டுக்கே அனுப்பிவிடு என்றார் கவுண்டர். கொழுந்தன் தலையாட்டினான்.

புறப்படுமுன் அவள் என்னிடம் வந்தாள். அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, எனக்கே தெரியாம காலையிலயே வந்திருக்குமாங்க?"

ஊர் சொன்னதை அவளே நம்பத் தொடங்கிவிட்டாள்... அது நான் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இருக்கும் கண்ணு. பாத்துப் போ."

அதன் பிறகு நான் அந்தக் குடிசையை மிதிக்கவில்லை. என் மகள் பெரியவளானபோது அவளை அடுப்படியில் என் பக்கத்திலேயே படுக்கவைத்தேன். கவுண்டர் வாசலில் வந்து நின்றார்.

"ஊருக்கு ஆகாது புள்ள."

"ஆகாட்டிப் போகுதுங்க. எம்புள்ளய அங்க அனுப்பமாட்டனுங்க."

எங்களை ஒதுக்கிவைத்தார்கள். வைக்கட்டுமே! அந்த வருஷமும் எங்கள் சாமை நன்றாகத்தான் விளைந்தது. இன்று வேறு இரண்டு வீடுகளும் பெண்களை அனுப்புவதில்லை.

துணிச்சல்காரி என்று என்னைச் சொல்கிறார்கள். நீங்களும் சொல்லிவிடாதீர்கள். என் மகளுக்காக வந்த வாய் அவளுக்காக ஏன் வரவில்லை? கவுண்டருக்குப் பயந்தேனா, என் வாழ்வும் போய்விடும் என்று பயந்தேனா... எதுவானாலும் அவள் வாழ்வுதானே போயிற்று.

நல்லம்மா ஆலத்தூர் நாட்டில் தாய்வீட்டில்தான் இருக்கிறாள். நடந்தால் ஒரு பகல் வழி. தெருவில் சாமி வந்தால், தன் நிழல்கூடப் படக்கூடாதென்று கதவைச் சாத்திக்கொள்கிறாளாம்.

ஊரையே எதிர்த்து நின்ற எனக்கு, அந்தக் கதவைப் போய்த் தட்ட இன்னும் கால் வரவில்லை.