பெட்டிக்குள் வைத்த பொட்டு

கம்ப்யூட்டர் என்ற சொல் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஜாதகத்தோடு சேர்ந்துதான் அறிமுகமானது. பெண் பார்க்கப் போகிறவர்கள் கம்ப்யூட்டர் ஜாதகம் என்று ஒரு நீளத் தாளைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். அந்தத் தாளைக் கக்குகிற இயந்திரத்தை நாமே செய்து விற்றால் என்ன என்று கேட்டது என் கூட்டாளி. எண்பதுகளின் கடைசி அது. சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் போகும் வழியில், நாங்கள் இருவரும் ரேடியோவும் டிவியும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தோம். மெட்ராஸிலிருந்து உதிரிச் சாமான்களை வரவழைத்து இங்கே தகரப்பெட்டிக்குள் பூட்டினால் முழுக் கம்ப்யூட்டர். பூட்டுகிற கை என்னுடையது, விற்கிற வாய் அவனுடையது என்று ஏற்பாடு.

நான் இதையெல்லாம் எங்கேயும் போய்ப் படித்தவன் இல்லை. கண்ணில் பட்டதைத் திறந்து பார்த்தே கற்றுக்கொண்டவன். ஒருமுறை ரயில்வேயின் சிக்னல் அறை ஒன்றை எட்டிப் பார்த்தபோது உள்ளே இருந்த ஒயர்களை மெழுகு நூலால் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். பின்னல் போட்ட தலைமுடி போல அத்தனை ஒழுங்கு. அது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. என் முதல் கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு ஒயரையும் அப்படித்தான் கட்டினேன். மின்சாரம் கொடுக்கும் பவர் பெட்டியைக்கூட மலிவானதை விட்டுவிட்டு, கையில் தூக்கினால் கனக்கிற நல்ல சரக்காகப் பார்த்து வாங்கினேன்.

கூட்டாளிக்கு இது பொறுக்கவில்லை.

"ஏன்டா, உள்பாவாடைக்கு ஜரிகை பார்டர் வெச்சுத் தெக்கறியா? மூடி போட்டு மூடிட்டா உள்ள என்ன இருக்குன்னு எவன் பாக்கப்போறான்? ஓடுதா, அவ்வளவுதான் கேப்பான்."

"நான் பாத்துட்டேனே."

"நீ விக்கறவன்டா. வாங்கறவன் பாக்கணும்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வந்த கம்ப்யூட்டர்களெல்லாம் வெளியே வழவழவென்று வெண்ணெய் நிறத்தில் இருந்தன. திறக்கக்கூடாது, திறந்தால் கேரண்டி கிடையாது என்று ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருக்கும். எங்களுடையதோ டிரங்குப் பெட்டி செய்கிற பட்டறையில் அடித்த தகரம். சாம்பல் பெயின்ட். பக்கத்தில் வைத்தால் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மேளக்காரர் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அந்தப் பெட்டி விலைபோகாவிட்டால் எனக்கு என்ன கதி என்பதை வீட்டில் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். சேந்தமங்கலத்தில் மச்சினனின் சைக்கிள் கடைக்குப் போய்விட வேண்டும். மச்சினன் எனக்கென்று தனியாக ஒரு முக்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டான் என்று தகவல் வந்திருந்தது. சைக்கிள் கடை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் சாலிடரிங் கம்பி உருகும் வாசனைக்குப் பழகியவனுக்குப் பஞ்சர் பசையின் வாசனை எப்படிப் பிடிக்கும்?

கூட்டாளி எங்கெங்கோ வாயடித்து நாமக்கல்லில் ஒரு லாரி முதலாளியைப் பிடித்தான். வீட்டை ஒட்டியே ஆபீஸ். வண்டிகள் எங்கே போயிருக்கின்றன, எந்த டயர் எப்போது மாற்றியது என்பதையெல்லாம் கவனித்துக்கொண்டது அவர் மனைவி. அந்த அக்கா அந்தக் காலத்துப் பத்தாவது. பேச்சு குறைவு, பார்வை கூர்மை. கம்ப்யூட்டர் கேட்டதே அந்த அக்காதான் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

பெட்டியை மேஜைமேல் வைத்து, சுவிட்சைப் போட்டு, பச்சை எழுத்துகள் திரையில் ஓடுவதைக் காட்டினோம். முதலாளி திரையைப் பார்க்கவே இல்லை. பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். விரலை மடக்கித் தகரத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். நாமக்கல்லில் லாரி வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்க மாட்டார்கள். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, அடிச்சட்டமான சேஸைத்தான் பார்ப்பார்கள். ஸ்பேனரால் தட்டி, ஒட்டுப்போட்டிருக்கிறதா என்று சத்தத்திலேயே கண்டுபிடிப்பார்கள். அந்தப் பழக்கம் கம்ப்யூட்டருக்கும் வந்தது.

"ஏனுங்க, பானெட்டத் தொறக்க முடியுமுங்களா?"

எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. கூட்டாளியைப் பார்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். மெழுகு நூல் கட்டுகள் வரிசையாக மின்னின. முதலாளி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். முகம் சுருங்கியிருந்தது.

"பாதிப் பெட்டி காலியாக் கெடக்குதுங்க."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. உண்மையில் கம்ப்யூட்டருக்குள் பாதி வெறும் இடம்தான். பிற்பாடு கூடுதல் சர்க்யூட் பலகைகள் செருகுவதற்கென்று நீளநீளமாகப் பள்ளங்கள் இருக்கும்.

"மிச்ச சாமானெல்லாம் பொறவு வருதுங்களா?" என்றார் அவர்.

"அதுக்குத்தானுங்க இடம் உட்டிருக்கு. நாளைக்குப் பெருசு பண்ணணும்னா இதுல செருகிக்கலாம். காத்தும் போகணும், சூடாயிருமுங்க."

"அப்ப காலி வண்டின்னு சொல்லுங்க. லோடு நாங்க ஏத்திக்கோணும்."

கூட்டாளி சட்டென்று பிடித்துக்கொண்டான். "அதேதானுங்கண்ணா. இன்னைக்கு டர்போ, நாளைக்கு டிரெய்லர்."

அவன் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே தெரியாது. முதலாளி மட்டும் சிரித்துவிட்டார். அந்த அக்கா சிரிக்கவில்லை. மூடி திறந்த பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பேச்சு இப்படி முடிந்தது. தீபாவளி வரைக்கும் பெட்டி அவர்கள் ஆபீஸில் ஓட வேண்டும். ஓடினால் எடுத்துக்கொள்வார்கள். நடுவில் நின்றுவிட்டால் நாங்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். "வழியில நிக்கற வண்டிய நானு வெச்சுக்கறதில்லீங்க" என்றார் முதலாளி.

பெட்டி ஓடியது. நான் அடிக்கடி போய் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒருமுறை சொன்னால் மறுமுறை கேட்க மாட்டார்கள். நாலைந்து வாரத்தில் எந்த வண்டியின் எந்தச் சக்கரத்தில் எந்த டயர் என்பதைத் திரையில் வரவழைத்து, டிரைவர்களை அசத்த ஆரம்பித்துவிட்டார்கள். "உம்பட வண்டியில பொறத்தால உள்சக்கரம் தேஞ்சிருக்கோணுமே, போய்ப் பாரு" என்பார்கள். டிரைவர் போய்ப் பார்த்துவிட்டு வாயைப் பிளப்பான்.

ஆயுத பூஜை வந்தது. முடிந்த மறுநாள் காலையில் எங்கள் பக்கத்து மளிகைக்கடைக்கு டெலிபோன் வந்தது. முதலாளிதான்.

"சாமி, பெட்டி மூச்சு உடுலீங்க."

நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் எனக்கு அந்த முக்காலிதான் கண்ணுக்குத் தெரிந்தது. ராசிபுரத்தில் ஏறிய ஒரு அம்மா நெய் டின்னை என் மடியில் வைத்துவிட்டார். அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஆபீஸ் வாசலில் கழுவித் துடைத்த லாரிகள் வாழைக்கன்று கட்டி நின்றன. உள்ளே மேஜைமேல் என் பெட்டி. வெளியில் ஒரு பொட்டுகூட இல்லை. டைப்ரைட்டருக்கும் டெலிபோனுக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். இதை மட்டும் ஏன் விட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட. ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் தூக்கினேன்.

உள்ளே ஒரு கோயில் இருந்தது.

கறுப்பாக, பூரான் மாதிரி இருக்கும் சிப் என்கிற சில்லு ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். காலிப் பள்ளங்களில் சாமந்தி இதழ்கள். பவர் பெட்டிக்கு மூன்று பட்டை விபூதி. லாரிக்குப் போடுகிற ஜிகினா மாலையில் ஒரு துண்டை வெட்டி, என் மெழுகு நூல் கட்டுகளின்மேல் வளைத்துப் படுக்க வைத்திருந்தது. அந்த ஜிகினாக் கம்பி ஒன்று பலகையின் குறுக்கே விழுந்து, தொடக்கூடாத இரண்டு இடங்களைத் தொட்டுக்கொண்டிருந்தது.

முதலாளி வாசல் பக்கம் நின்று யாருக்கோ தார்ப்பாய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கேட்டார்:

"என்ன கோளாறுங்க?"

அக்கா மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். முகம் வெளுத்திருந்தது. யார் வேலை என்று எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் பெட்டி தப்பும். கோளாறு பெட்டியில் இல்லை என்று ஆகிவிடும். ஆனால் அந்த அக்காவைக் காட்டிக்கொடுத்துவிட்டு அந்த ஆபீஸில் நான் எப்படி மறுபடி உட்காருவது? சொல்லாவிட்டால் முக்காலி. நான் சும்மா பவர் பெட்டியைத் தடவிக்கொண்டு, "பாக்கறனுங்க, பாக்கறனுங்க" என்றேன்.

"பெட்டிமேல தப்பு ஒண்ணுமில்லீங்க" என்றார் அக்கா, கணவரைப் பார்த்து. "நாந்தானுங்க. தொறந்து பொட்டு வெச்சனுங்க."

முதலாளி தார்ப்பாயைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார்.

"ஏம்புள்ள, உன்னைய யாரு உள்ளார கையுடச் சொன்னது? மேல வெச்சா ஆகாதா?"

"நீங்க இஞ்சினுக்குப் பொட்டு வெப்பீங்களா, மட்காடுக்கு வெப்பீங்களா?"

"அது இஞ்சினு."

"இது மட்டும் என்னவாமா? தகரத்துக்கா பூச போடறது? வேல செய்யறது உள்ள இருக்கறதுங்க. அன்னைக்கு மூடியத் தொறந்தப்பவே பாத்தேன். எத்தன பாங்காக் கட்டியிருக்குது, சடை பின்னுன மாதிரி. யாரும் பாக்கப்போறதில்லைன்னு தெரிஞ்சும் ஒருத்தரு குந்தி இத்தன செஞ்சிருக்கறாரு. அத உட்டுப்போட்டு வெளிய பொட்டு வெச்சா அது மருவாதிங்களா?"

அந்தப் பெட்டிக்குள் இருந்ததைக் கண்ணால் பார்த்துச் சந்தோஷப்பட ஒரு ஆள் வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். அப்படி ஒரே ஒரு ஆள்தான் கிடைத்தார். அவர் பார்த்த பார்வையில்தான் பெட்டியே நின்றுபோனது. நான் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் பிரஷ்ஷைத் தேடினேன்.

ஸ்பிரிட்டில் நனைத்த பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு சில்லாகச் சந்தனத்தை எடுத்தேன். அக்கா பக்கத்தில் நின்று பஞ்சை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். இதழ்களைப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்தோம். அதைக் குப்பையில் போட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஜிகினாவை எடுத்தாயிற்று. ஈரம் காயட்டும் என்று மேஜை ஃபேனைப் பெட்டிக்கு எதிரே வைத்துவிட்டு, அரிசியும் பருப்பும் போட்ட சோற்றை நெய் ஊற்றிச் சாப்பிட்டோம். நடுவில் முதலாளி, "வண்டி ஓடுமுங்களா?" என்றார். தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சுவிட்சைப் போட்டேன். உள்ளே ஃபேன் சுற்றியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு 'பீப்' என்று ஒரு சத்தம். பச்சை எழுத்து.

நல்ல பவர் பெட்டி என்பதால் ஜிகினா தொட்டதும் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு பலகையைக் காப்பாற்றியது என்று அன்று ராத்திரி கடைக்குத் திரும்பிய பிறகு கூட்டாளியிடம் பெருமையடித்தேன். மலிவுச் சரக்காக இருந்திருந்தால் புகைந்திருக்கும் என்றேன். இருக்கலாம். வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அவன் நம்பவில்லை. "விபூதி காப்பாத்துச்சுடா" என்றான்.

ஆனால் பச்சை எழுத்து வந்த அந்த நிமிஷம் முதலாளி என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். நின்ற பெட்டி நின்றதுதானே. அவர் பேச்சு மாறாத ஆள். மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, மனைவி பக்கம் திரும்பாமல், என்னிடம் சொன்னார்:

"பூச போட்ட சாமானத் திருப்பியனுப்பற பழக்கம் எங்கூட்டுல இல்லீங்க. தீவாளி வரைக்குமெல்லா எதுக்கு, இருக்கட்டும். ஆனா ஒண்ணு. இந்த ஸ்க்ரூவெல்லாம் எதுக்குங்க? இவ சும்மா சும்மா கழட்டறதுக்கா? கதவு வெச்சுருங்க."

பக்கத்திலேயே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. முதலாளியே பெட்டியின் மூடியைக் கொண்டுபோய், லாரியின் டூல் பாக்ஸுக்குப் போடுகிற கீல் இரண்டும் ஒரு கொண்டியும் பொருத்தி எடுத்துக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டருக்குத் தேவையே இல்லாத கனம். மூடினால் 'தொப்' என்று லாரிக் கதவுச் சத்தம் கேட்டது. முதலாளிக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய்விட்டது. திறந்தார், மூடினார், மறுபடி திறந்து மூடினார். உள்ளே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அவர் வெளியே போனதும் அக்கா கொண்டியை நீக்கி, தூசி போகாமல் கொஞ்சமாகத் தூக்கி, உள்ளே பார்த்தார்கள்.

"இந்த முடிச்சு எப்படிப் போடறதுங்க? எம்பட பொறந்தூட்டுல தறி இருக்குதுங்க, அந்த நூல்ல போட்டா நிக்குமுங்களா?"

பையிலிருந்து மெழுகு நூல் உருண்டையை எடுத்து ஒரு முழம் அறுத்துக் கொடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.