ஐந்தாம் வரிசையில் இரண்டு சேர்

பெங்களூரில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். தொண்ணூறுகளின் கடைசியில் எம்.ஜி. ரோட்டில் ஓர் ஆபீசில் டெலிபோன் போர்டில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் வேலைக்கென்று கோயம்புத்தூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் புதிதாக வந்து இறங்கியவர்கள் சாப்பாட்டு நேரத்தில் கூடி உட்கார்ந்து, "இந்த ஊர்ல க்ளைமேட்ட விட்டா வேற என்னங்க இருக்கு? ஒரு கச்சேரி உண்டா, ஒரு திருவிழா உண்டா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பார்கள். இதுதான் என்பேன். "அது சரிங்க, சொந்த ஊர்?" என்று மறுபடியும் கேட்பார்கள். எத்தனை தடவை சொல்வது?

நான் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கறிக்கடைகளைத் தாண்டி ஒரு சந்தில் பிறந்தவள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு சாமியானா கடையில் சேர் போடுகிறவர். ஊரில் எந்த விசேஷம் நடந்தாலும் டெம்போவில் சேர்களை ஏற்றிக்கொண்டு போய் வரிசையாகப் போட்டுவிட்டு வருவார். எல்லாம் முடிந்த பிறகு போய் எடுத்துக்கொண்டு வருவார். நடுவில் நடந்தது எதையும் அவர் பார்த்ததில்லை.

ஆனால் இந்த ஊரை எனக்கு முதலில் காட்டியவர் அவர்தான், வாயாலேயே காட்டினார். கப்பன் பார்க் என்றால் "புல்லுல காலு எறங்கிடும், பலக வெச்சாத்தான் சேர் நிக்கும்" என்பார். லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு "தர சமமா இருக்கும், வேல சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று நல்ல சர்டிபிகேட். டவுன்ஹாலை அவர் மதிக்கவே மாட்டார். "அங்க அவுங்களே சேர் வெச்சிக்கினு இருக்காங்க. நமக்கு இன்னா வேல?" பிள்ளையார் பந்தல் ஆர்கெஸ்ட்ரா, நவம்பர் மாதம் பூராவும் கர்நாடகம் உருவான நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்சவ மேடைகள், ராமநவமிக் கச்சேரிகள் என்று ஒன்றையும் விட்டதில்லை. நல்லா இருந்துச்சா நைனா என்று கேட்டால், "எண்ணூறு சேரு" என்பார்.

வரிசை கோணினால் அவருக்குப் பொறுக்காது. இந்த ஓரத்தில் ஒரு முளை, அந்த ஓரத்தில் ஒரு முளை அடித்துக் கயிறு கட்டி, முன்கால்கள் எல்லாம் கயிற்றைத் தொடும்படி போடுவார். இரும்பு மடக்குச் சேர் காலத்தில் நசுங்கிக் கறுத்துப்போன கட்டைவிரல் நகம், பிளாஸ்டிக் சேர் வந்த பிறகும் கறுப்பாகவே இருந்தது. ரேஷன் ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் கூடக் கோணலாக இருக்கும் பெஞ்சைக் காலாலேயே நகர்த்திச் சரிசெய்துவிட்டுத்தான் வந்த வேலையைப் பார்ப்பார். எங்களுக்கு மானம் போகும்.

ஆபீசில் வாய்ச்சண்டை போட்டு அலுத்துப்போய், ஊரைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து பேசுவோம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பினேன். திப்பு அரண்மனையைப் பார்த்தேன். மியூசியத்தைப் பார்த்தேன். கார்த்திகை மாதத்துக் கடலைக்காய்ப் பரிஷெ என்னும் வேர்க்கடலைத் திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டுப் போய், மடி நிறைய வேர்க்கடலை வாங்கித் தெருவெல்லாம் தோல் உரித்துப் போட்டுக்கொண்டே நடந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ நாட்டியம் பார்க்க உட்காரப் போனபோது, சேரின் முதுகில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்த எழுத்துகள் கண்ணில் பட்டன. நைனாவின் கடை எழுத்துகள். எனக்கு நாட்டியத்தில் மனம் போகவில்லை. ஊரில் இருக்கிறவர், வந்தவர், போனவர் எல்லாரும் இவர் போட்ட சேரில் உட்கார்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் உட்காரவில்லை. இது என் ஊர் என்று நான் ஆபீசில் மார்தட்டுவதென்றால், இவர் இதில் ஒரு சாயங்காலமாவது முழுசாக உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ராமநவமிக்கு, ஊரின் அந்தப் பக்கம் ஒரு மைதானத்தில் பெரிய பந்தல் போட்டுக் கச்சேரிகள் வைத்திருந்தார்கள். ஐந்தாம் வரிசையில் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நைனாவிடம் நீட்டினேன்.

"இன்னாமா இது? காத்தால அங்க சேர் போடறதே நான்தான்."

"அதுக்குத்தான் கூப்புடறேன்."

"நம்பள தெரிஞ்ச ஆளுங்க யாராச்சும் பாத்தா?"

"பாக்கட்டுமே. டிக்கெட் கீது இல்ல?"

காலையில் கயிறு கட்டிச் சேர் போட்டுவிட்டு, நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்து, கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பந்தல் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் நைனாவின் முகத்தைப் பார்த்ததும் பழக்கத்தில் பின்வழியைக் கை காட்டினார். நான் டிக்கெட்டை அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். பானகமும் ஊறவைத்த பயத்தம்பருப்புக் கோசம்பரியும் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம்.

நைனா சேரின் நுனியில்தான் உட்கார்ந்தார். யாராவது இடம் தேடிக்கொண்டு வந்தால் பாதி எழுந்துவிடுவார், நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பேன். மூன்று முறை இப்படி நடந்தது. முன் வரிசையில் ஒரு சேர் கொஞ்சம் விலகியிருந்தது, இவர் கால் மெல்ல அதை நோக்கிப் போனது. "நைனா, கால எடு" என்றேன். கச்சேரி ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேடையைப் பார்த்தார். பார்த்தவர் என் காதில், "பாடறதுக்கு மூஞ்சிய இவ்ளோ கோணணுமா?" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அப்போதுதான் கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். பட்டு ஜிப்பா, நெஞ்சில் பேட்ஜ். பின்னால் தாமதமாக வந்த பெரிய மனிதர்கள் இரண்டு பேர். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் நைனாவைக் கண்டதும் முகம் தெளிந்து, "ஏனப்பா, இல்லி எரடு சேர் ஹாக்கு" என்று, இரண்டு சேர் போடச் சொல்லி, முதல் வரிசைக்கு முன்னால் இருந்த காலி இடத்தைக் காட்டினார்.

நைனா எழுந்துவிட்டார். முழுசாக எழுந்துவிட்டார். நான் கன்னடத்தில், "அவர் டிக்கெட் வாங்கி வந்திருக்கிறார்" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் நாலு பேர் உஸ்ஸென்றார்கள். கமிட்டிக்காரர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்து, "பேக, பேக" என்று அவசரப்படுத்தி விரலைச் சொடுக்கினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் கச்சேரியே நின்றிருக்கும், நான் அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். நைனா என் கையை அழுத்தினார்.

பிறகு உட்கார்ந்தார். நிதானமாக, முதுகு முழுவதும் சேரில் படும்படி உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் அவர் முதுகு சேரில் பட்டது அதுதான் முதல் தடவை. "நான் இன்றைக்குக் கச்சேரி கேட்க வந்திருக்கிறேன், சார். மேடைக்கு வலப்பக்கம் சேர் அடுக்கி வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கன்னடத்தில் சொன்னார். வார்த்தை ஒன்றும் விட்டுப்போகவில்லை.

கமிட்டிக்காரர் வேறு ஆள் கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தார். பெரிய மனிதர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் அவரே போனார். ஒன்றுக்குள் ஒன்று இறுகிப்போன பிளாஸ்டிக் சேர்களைப் பிரிக்கத் தெரியாமல் இழுஇழுவென்று இழுத்தார். "கீழ இருக்கற சேர கால்ல மிதிச்சிக்கணும்" என்று நைனா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். ஒருவழியாக இரண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து, ஒன்று கிழக்கே பார்க்க, ஒன்று மேடையைப் பார்க்கத் தொப்பென்று போட்டுவிட்டுப் போனார். காலையில் கயிறு கட்டிப் போட்ட அத்தனை வரிசைக்கும் முன்னால் அந்த இரண்டும் கோணிக்கொண்டு நின்றன.

நைனாவால் தாங்க முடியவில்லை. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். முழங்கால் மேலிருந்த கை மூடி மூடித் திறந்தது.

"நேரா வெக்கணும்னு இருக்குதா நைனா?" என்றேன்.

"இருக்குது" என்றார்.

கறுத்த நகம் தெரியாமல் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, மேடையை நிமிர்ந்து பார்த்தார்.

"கோணலாவே கெடக்கட்டும்."