அந்தோணி சாப்பிடாத கீரை

பிரியமானவர்களே, சர்வேசுரனுக்குத் தோத்திரம். 1916-ம் வருஷம் தவசு காலத்தில், இனி உயிரோடு பினாங்குக்குத் திரும்பப் போவதில்லை என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு, டைகிரிஸ் நதிக்கரையில் ஒரு மண்சுவர் ஓரமாகக் குந்தியிருந்தேன். பாஸ்ராவுக்கு வடக்கே இருக்கிற அந்த ஊருக்குக் கூட் என்று பெயர். மூன்று பக்கமும் ஆறு, நாலாவது பக்கம் துருக்கியர். நம்முடைய வெள்ளைக்கார சர்க்கார் பட்டாளம் உள்ளே. கிறிஸ்துமசுக்கு முன்பே எங்களை அடைத்துவிட்டார்கள். தூரத்தில், எங்களை மீட்க வந்த நம் ஆட்களின் பீரங்கிச் சத்தம் கேட்கும். "வந்துவிட்டார்கள், வந்துவிட்டார்கள்" என்பார்கள். ஒருவரும் வந்தபாடில்லை.

கடைத்தெருவில் மசாலா மூட்டை தூக்குகிற இந்தச் சவரிமுத்துவுக்குத் துருக்கியரோடு என்ன வழக்கு என்று கேட்பீர்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். நானும் கோவிந்தனும் பினாங்குத் துறைமுகத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். 1914-ல் ஊரைப் பார்த்துவர ஒரே கப்பலில் போனோம். போன இடத்தில் சண்டை பிடித்துக்கொண்டது. திரும்பிவரக் கப்பல் கிடைக்கவில்லை, கையிலிருந்ததும் கரைந்தது. சென்னையில் பட்டாளத்துக்கு டோலி தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள், சேர்ந்துவிட்டோம். துப்பாக்கி பிடிக்கவேண்டாம், அடிபட்டவனைத் தூக்கிவந்தால் போதும் என்றுதான் நினைத்தோம். குண்டுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது என்பது அங்கே போன பிறகுதான் விளங்கியது.

ஒரு டோலிக்கு நாலு கொம்பு. முன்கொம்பு இரண்டும் எனக்கும் கோவிந்தனுக்கும். பின்னால் ஒரு கொம்பை அந்தோணி பிடிப்பான். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவன், எங்கள் வயசுக்காரன். நாலாவது ஆள் மாறிக்கொண்டே இருந்தான். ஏன் மாறினான் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. அந்தோணி பின்னாலிருந்து "பாத்து, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவான். குண்டு விழும்போதும் அதே குரல்தான். எனக்கு எரிச்சலாக வரும். ஓடவேண்டிய நேரத்தில் என்னடா மெதுவா என்று கத்தியிருக்கிறேன். டோலியில் படுத்திருக்கிறவனுக்கல்லவா வலி தெரியும் என்பான்.

மார்ச் மாதம் சாப்பாடு குறைந்துபோனது. பிறகு பட்டாளத்துக் குதிரைகளை வெட்ட ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரன் சாப்பிட்டான். நம் ஊர் சிப்பாய்களில் அநேகர் தொடவில்லை. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டான். நான் தவசு காலம், இறைச்சி ஆகாது என்று சாக்குச் சொன்னேன். உள்ளபடி சொன்னால், எனக்கு அந்த வாடையே குமட்டியது. கோவிந்தன் கதை வேறு. அவன் குலதெய்வம் அய்யனார்.

"எங்க அய்யனார் ஏறுற குதிரைலா அது. அதத் தின்னுட்டு நான் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு அவர் முன்னால நிப்பேன்? செத்தாலும் பரவால்ல அண்ணே" என்றான்.

டாக்டர் சொல்லிப் பார்த்தார். அதிகாரிகள் சொன்னார்கள். கோவிந்தன் கேட்கவில்லை. அவன் பல்லெல்லாம் ஆடியது, ஈறில் ரத்தம் கசிந்தது. துறைமுகத்தில் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கினவன், டோலிக் கொம்பைத் தூக்கமுடியாமல் நின்றான். அன்று நான் அழுதேன். அழுகையோடு கோபமும் வந்தது. எங்கள் புக்கிட் மெர்தாஜாம் கோயிலில் இருக்கிற, மாதாவின் தாய் அன்னம்மாளை நினைத்துக்கொண்டு, "தாயே, இவனுக்குத் தின்ன ஏதாவது கொடு. என் அக்கா வருஷாவருஷம் உனக்கு மெழுகுதிரி ஏற்றுகிறாள். இதைக்கூடச் செய்யாவிட்டால் இனி உன் கோயில் பக்கமே வரமாட்டேன்" என்றேன். இப்படியா மோட்சத்திலிருக்கிற அர்ச்சியசிஷ்டவர்களிடம் பேசுவது என்று சுவாமியார் கடிந்துகொள்ளலாம். பசியில் வந்த செபம் அப்படித்தான் வந்தது.

தவசு முடிந்து, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளன்று அந்தச் செபம் கேட்கப்பட்டதாகவே நினைத்தேன். மழைக்குப் பிறகு ஆற்றங்கரைச் சேற்றில் பச்சைப்பசேலென்று ஏதோ முளைத்திருந்தது. பார்த்தால் அசல் நம் பண்ணைக்கீரை. கண்ட செடியைப் பறித்துத் தின்னாதே என்று பட்டாளத்தில் உத்தரவு இருந்தது. கீரையைக் கண்ட தமிழனுக்கு உத்தரவாவது ஒன்றாவது! மடி நிறையப் பறித்தேன். வெந்தபோது அத்தனையும் ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிட்டது. உப்புப் போட்டு, கொஞ்சம் மாவைத் தூவிக் கிண்டி, மூன்று பங்காக வைத்தேன்.

அந்தோணி தன் பங்கை எடுத்துக் கோவிந்தன் தகரத் தட்டில் போட்டான். "நான்தான் கறி திங்கிறேனே. நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்கடா" என்றான். எவ்வளவு சொல்லியும் தொடவில்லை. எங்கள் எதிரில் உட்கார்ந்து செபமாலை சொன்னான். கோவிந்தன் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தான். எனக்கு அது அன்னம்மாளே பரிமாறினது போல இருந்தது.

மறுநாள் பொழுது விடிவதற்குள் இரண்டு பேருக்கும் வயிற்றைப் பிடுங்கியது. வாந்தி, பேதி, பிறகு ரத்தம். அது பண்ணைக்கீரை இல்லை. என்ன எழவுக் கீரையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கோவிந்தனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. நான் கேட்ட சாப்பாடு அவனைக் கொல்லுகிறதே என்று நினைத்து நினைத்து நெஞ்சு வெந்தது. அன்னம்மாளிடம் நான் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தோணி மட்டும் எங்கள் இரண்டு பேர் வாயிலும் தண்ணீரைத் துளித்துளியாக விட்டுக்கொண்டு, உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தான்.

அடுத்த சனிக்கிழமை பட்டாளம் சரணடைந்தது. துப்பாக்கிகளை உடைத்து ஆற்றில் போட்டார்கள். பீரங்கிகளை வெடிவைத்துக் கெடுத்தார்கள். பெரிய பெரிய சிப்பாய்களெல்லாம் பிள்ளைகளைப் போல அழுதார்கள். நடக்கக்கூடியவர்கள் எல்லாரும் கைதிகள், பாலைவனத்து வழியாக நடக்கவேண்டும் என்று பேச்சு பரவியது. கிழிந்த பாயாகக் கிடந்த எங்களுக்கு என்ன கதி என்று யாரும் சொல்லவில்லை. தேறாதவர்களைச் சுட்டுவிடுவார்கள் என்று பக்கத்தில் கிடந்தவன் சொன்னான். நான் நம்பினேன்.

ஒரு துருக்கி டாக்டர் வந்தார். என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். கோவிந்தன் வயிற்றை அமுக்கினார். ஆற்றில் நின்ற படகைக் கைகாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். எழுந்திருக்க முடியாத நோயாளிகளில் ஒரு பகுதியை நம் ஆட்களிடமே திருப்பி அனுப்புகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்களைப் படகுக்குத் தூக்கிப்போனவர்களில் அந்தோணியும் ஒருவன். பின்கொம்பில் இருந்தான். "பாத்து, மெதுவா" என்று அந்தக் குரல் கேட்டது. எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிப்போயிற்று. அவனும் அந்தக் கீரையைத் தின்றிருந்தால் எங்களோடு படகில் இருந்திருப்பான். தின்னாததால் தெம்பாக இருக்கிறான், தெம்பாக இருப்பதால் கைதி. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நீயும் படுத்துக்கொள், வயிற்றுவலி என்று சொல் என்றேன்.

"பின்னால எத்தன பேரு தூக்கக் கெடக்குறான் பாரு" என்றான். பிறகு குனிந்து, "உங்க ரெண்டு பேரையும் உசுரோட ஊர் சேத்துரணும்னு மாதாகிட்ட கேட்டேன். குடுத்துட்டாங்க. அழுவாத சவரி. உங்க ஊர் திருவிழாவுக்கு ஒரு வருஷம் நான் வர்றேன்" என்றான். படகு நகரும்போது பார்த்தேன். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு, அடுத்த ஆளைத் தூக்கப் போய்க்கொண்டிருந்தான்.

நாங்கள் பாஸ்ரா, பம்பாய், சென்னை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கிடந்து தேறினோம். அடுத்த வருஷம் பினாங்குத் துறையில் இறங்கினபோது, அக்கா என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கோவிந்தன் இன்றும் பட்டர்வொர்த் படகுத்துறையில் வேலை பார்க்கிறான், உங்களுக்குத் தெரியும். அந்தோணி வரவில்லை. சண்டை முடிந்து திரும்பின கைதிகளில் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். பாலைவனப் பாதையில் விழுந்துவிட்ட ஒருவனை அந்தோணி தன் முதுகில் சுமந்துகொண்டு நடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு பார்த்தவர்கள் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏன் நான், ஏன் அவன் இல்லை என்று நானும் கேட்டேன். பல வருஷம் கேட்டேன். பதில் தெரியாது. தெரிந்ததைச் சொல்லுகிறேன். என் செபம் கேட்கப்பட்டது என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் கேட்டது சாப்பாடு. எங்கள் உயிரைக் கேட்டவன் அந்தோணி. சர்வேசுரன் செவிகொடுத்தது அவன் செபத்துக்கு. அவன் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. மற்றவன் எனக்காகச் சொன்ன செபத்தில்தான் நான் இன்று சோறு தின்கிறேன். அந்த நன்றிக்கு நான் எதைச் செய்தாலும் ஈடாகாது.

முன்கோபக்காரனான நான் இப்போது காலையில் எழுந்தால், என் பெயரை விட்டுவிட்டு மற்றவர்கள் பெயரைச் சொல்லித்தான் செபிக்கிறேன். வருஷாவருஷம் ஜூலையில் அன்னம்மாள் திருவிழாவுக்கு நாற்காலியில் இரண்டு மூங்கிலைக் கட்டி எடுத்துப்போகிறோம். கோயில் மேட்டில் ஏறமுடியாத நோயாளிகளை அதில் வைத்துத் தூக்குகிறோம். கோவிந்தன் இந்து. ஆனாலும் ஒரு வருஷம்கூடத் தவறினதில்லை. "அய்யனார் கோவிச்சுக்க மாட்டாருடா?" என்று கேட்டால், "அவருக்கும் அந்தோணியத் தெரியும் அண்ணே" என்கிறான்.

பிரியமானவர்களே, கஷ்டத்தில் இருக்கிறீர்களா? கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு கேளுங்கள், சர்வேசுரன் தாங்கிக்கொள்வார். கேட்டதற்குப் பதிலாக வயிற்றுவலி வந்தாலும் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அப்படியே பக்கத்தில் இருக்கிறவனுக்காகவும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

இந்தத் திருவிழாவுக்கும் நாற்காலி தயாராக இருக்கிறது. முன்கொம்பு இரண்டையும் நானும் கோவிந்தனும் பிடித்துக்கொள்கிறோம். எங்களுக்கு வயசாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது. பின்கொம்புக்கு ஆள் வேண்டும். வருகிறவர்கள் வாருங்கள். மேட்டில் ஏறும்போது பின்னாலிருந்து "பாத்து, மெதுவா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வாருங்கள், நாங்கள் தூக்கிவிடுவோம்.